ஸ்டெஃபா வைத்த கேள்விகள்

அன்புத் தங்கை ஒரிசியாவுக்கு, அண்ணன் வாசில் எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக நாங்கள் இருவரும் சுகம். வின்னிபெக்கில் நீயும் உன் பூனையும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

"பேங்கையும் மூடிட்டாங்க, இனிமே அந்த ஊர்ல ரெண்டு பேரும் எப்படிக் காலம் தள்ளுவீங்க, வீட்டை வித்துட்டு இங்க இருக்கிற முதியோர் இல்லத்துக்கு வந்துடுங்க" என்று எழுதியிருந்தாய். அக்கறைக்கு நன்றி. நாங்கள் வரப்போவதில்லை. காரணம் உன் அண்ணி. கிளையை மூடிய வாரம் நாங்கள் ஆண்கள் எல்லாம் அதன் வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தபோது, எழுபத்தாறு வயதில் ஸ்டெஃபா நூலகத்துக்குப் போய், கைப்பேசியிலேயே கணக்கு வழக்கு பார்க்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். காசோலையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படம் பிடித்தால் பணம் கணக்கில் ஏறிவிடுகிறது. பறந்துவிடக் கூடாதே என்று நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். "கையை எடு வாசில், உன் கட்டைவிரலுக்கு எவனும் பணம் தரமாட்டான்" என்றாள்.

தேவாலயம், ஊர் மண்டபம் இரண்டின் கணக்கும் இப்போது அவள் கையில்தான். பணம் அனுப்புவதுதான் வேடிக்கை. அனுப்புகிறவர் ஒரு கேள்வி வைக்க வேண்டும், வாங்குகிறவர் சரியான பதில் போட்டால்தான் பணம் போய்ச் சேரும். தேவாலய விருந்துக்கு உருளைக்கிழங்கு கொடுத்தவருக்கு அனுப்பும்போது "எங்கள் நாயின் பெயர் என்ன?" என்று வைத்தாள். நம் ஊரில் எங்கள் நாயைத் தெரியாதவர் யார்? காபிக் கடையில் எல்லாரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவமானப்பட்டு யோசித்தவள், அதற்குப் பிறகு சம்பந்தப்பட்டவர் செத்தாலும் வெளியே சொல்லாத சங்கதியாகப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். வெண்ணெய்க்காரர் தன் தலைமயிருக்கு என்ன சாயம் அடிக்கிறார் என்று கேட்டதில் மனிதர் ஒரு வாரம் பணத்தை வாங்கவே இல்லை.

ஜனவரியில் ஊர் மண்டபத்து ஹீட்டர் நின்றுபோயிற்று. மைனஸ் முப்பத்தைந்து, பனிப்புயல், சாலை அடைப்பு. ஒருநாள் தாமதித்தால் தண்ணீர்க் குழாயெல்லாம் வெடிக்கும். பக்கத்து நகரமான யார்க்டனில் இருக்கும் ஹீட்டர்காரன் ஸ்லாவ்கோ, முன்பணம் வந்தால்தான் சாமானை எடுப்பேன் என்றான். ஸ்டெஃபா கோட்டைக்கூடக் கழற்றாமல் அனுப்பினாள். கேள்வி: "உன் கல்யாணத்தில் முதலில் அழுதது யார்?" மாமியார் என்று போட்டான், தப்பு. அம்மா என்று போட்டான், தப்பு. இன்னொரு தப்பு என்றால் பூட்டிக்கொள்ளும். போன் செய்தான்.

"ஸ்டெஃபா அத்தை, கேள்வியை மாத்துங்களேன்."

"நீ பதிலை மாத்து."

"பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறா அத்தை."

"நிக்கட்டுமே. உனக்குக் கர்சீப் குடுத்ததே அவதானடா."

ஐந்து நிமிடத்தில் பணம் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே சாலை திறந்ததும் ஸ்லாவ்கோ வந்தான், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வேலையை முடித்தான். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கதகதவென்று இருந்தது. எல்லாரும் எழுந்து ஸ்டெஃபாவுக்குக் கைதட்டினார்கள். எல்லாரையும்விட நான்தான் அதிக நேரம் தட்டினேன், ஒரிசியா. அவ்வளவு பெருமை.

ஆகவே எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இல்லம் கில்லம் என்று இனி எழுதாதே. ஆண்டவன் உனக்கு நல்ல தூக்கத்தையும், வாசல் பனியை அள்ள ஒரு நல்ல ஆளையும் கொடுக்கட்டும்.

அண்ணன்,
வாசில்

பி.கு: உறையை ஒட்டுமுன் ஸ்டெஃபா வாங்கிப் படித்தாள். நிறையச் சிரித்தாள். பிறகு கைப்பேசியை என் முன் நீட்டி, "எல்லாம் சரி. நான் இல்லாத அன்னைக்கு உனக்கு இதைத் திறக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். வாங்கி மூன்று தரம் தட்டிப் பார்த்தேன், மூன்றும் தப்பு. நீ சொன்ன அந்த இல்லத்துக்கு, உன் கடிதம் வந்த அன்றே போனிலிருந்து முன்பணம் கட்டிவிட்டாளாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், சீட்டு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஒருவர் தங்கும் அறை. என் பெயரில். முறை வர நாலைந்து வருடம் ஆகுமாம். "அதுவரைக்கும் நான் எப்படியாவது இருந்துடறேன், பயப்படாதே" என்கிறாள். அறை இருக்கட்டும், ஒரிசியா. இல்லத்தாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.