உலகத்துக்கே பாடத்திட்டம் போடுகிறவர்

திட்டம் போடுகிறவர்கள் பல வகை. வீடு கட்டத் திட்டம் போடுகிறவர், உடம்பு இளைக்கத் திட்டம் போடுகிறவர், நாளை முதல் விடியற்காலையில் எழுந்திருக்கத் திட்டம் போடுகிறவர். இவர்களெல்லாம் சாதுக்கள். நான் இன்று உங்களுக்குக் காட்டப்போவது வேறு இனம். உலகத்து மக்கள் அத்தனை பேரின் உடல்நலத்தையும் காப்பாற்றுவதற்கென்று மேல்படிப்பில் இடம் வாங்கிவிட்டு, அதில் எந்தெந்தப் பாடத்தை எடுப்பது என்று திட்டம் போடுகிறவர். இந்த இனத்தில் ஒன்று என் வீட்டிலேயே, முன்னறையில், மின்விசிறிக்கு நேர் கீழே வளர்கிறது. என் அக்கா மகன்.

வீட்டில் அவனுக்கு 'உலகம்' என்று பெயர். "உலகம் எழுந்திரிச்சாச்சா?" என்று கேட்பார் என் வீட்டுக்காரர். "இன்னும் தூங்குது, சத்தம் போடாதீங்க" என்பேன் நான்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? சுவரைப் பாருங்கள். முழுக்கக் கலர் கலராகச் சீட்டு ஒட்டியிருக்கும். மஞ்சள் என்றால் காய்ச்சல், நீலம் என்றால் தண்ணீர், சிவப்பு என்றால் பிரசவம், பச்சை என்றால் 'பிறகு யோசிக்க'. பச்சைதான் அதிகம்.

காலையில் காய்ச்சலில்தான் ஆரம்பிப்பான். காய்ச்சலைக் கொண்டுவருவது கொசு, ஆகவே கொசுவைப் படிக்க வேண்டும். கொசு வளர்வது சாக்கடையில், ஆகவே சாக்கடையை. சாக்கடையைக் கட்டுவது நகராட்சி, ஆகவே ஆட்சிமுறையை. ஆட்சி நடக்கப் பணம் வேண்டும், ஆகவே பொருளாதாரத்தை. பொருளாதாரத்துக்குப் புள்ளிவிவரம் வேண்டும், புள்ளிவிவரத்துக்குக் கணக்கு வேண்டும், கணக்கில் பிள்ளை சின்ன வயதிலிருந்தே சுமார். ஆகவே பொழுது சாய்கிற நேரத்தில், உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவன் என் மகளிடம் வந்து அவளுடைய பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பான். காய்ச்சல்? அது பாட்டுக்கு ஊரில் இருக்கிறது.

இன்னோர் அடையாளம், கருத்துக் கேட்பது.

"நாமளா ஒரு திட்டத்த மேல இருந்து திணிக்கக் கூடாது சித்தி. சம்பந்தப்பட்டவங்க எல்லாரையும் கேக்கணும். எங்க படிப்போட முதல் விதியே அதான்."

கேட்டான். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் தண்ணீரைப் பற்றிப் படிக்கச் சொன்னார். எதிர்வீட்டு நர்ஸ் பிரசவம் என்றாள். கட்டிலில் படுத்திருக்கும் என் மாமனார் முதியோர் நலம் என்றார், இரண்டு தடவை. சாப்பிட்ட அலுப்பில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர், "தூக்கம்னு ஒரு பாடம் இருந்தா அதையும் சேத்துக்கப்பா" என்றார். அவன் சிரிக்கவில்லை. சீட்டில் எழுதி ஒட்டினான். ஆண்டவன் உலகத்தைப் படைக்கும்போது இப்படி நாலு பேரைக் கேட்டிருந்தால், நாமெல்லாம் இன்னும் பிறந்திருக்கவே மாட்டோம்.

அவன் படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியை அனுமதித்தது பன்னிரண்டு பாடம். இவன் பட்டியல் நாற்பதைத் தாண்டிவிட்டது. இப்படியே கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று அலுவலகம் மூடுவதற்குள் பட்டியலில் அவரிடம் கையெழுத்து வாங்காவிட்டால், இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அக்கா போனில் அழுதாள். "நீயும் கூடப் போடி. கையெழுத்து வாங்காம அவன வெளிய விட்டுடாத." போனேன்.

பேராசிரியை நல்ல அம்மாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அவன் தாளை ஒரு பார்வை பார்த்தார். "பன்னெண்ட வச்சுக்கோ, மிச்சத்த அடிச்சுட்டு வா. போட்டுத் தரேன்."

அவ்வளவுதான். பேனாவால் கோடு கிழிக்கிற வேலை. வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தான். பேனா காய்ச்சலுக்குமேல் போய் நின்றது. "குழந்தைங்க சித்தி." முதியோருக்குமேல் நின்றது. "தாத்தா என்ன நெனப்பாரு?"

"தூக்கத்தையாவது அடிடா!"

"சித்தப்பா ஆசையா சொன்னாரே."

பெஞ்சின் மறுகோடியில் ஒரு பெண், காகிதக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இவன் திரும்பினான். "நீங்களும் இந்தப் படிப்புதானா?"

"இடம் கெடைச்சாத்தான் அண்ணா. காத்திருக்கறவங்கள்ல மொத ஆள் நான். யாரோ ஒருத்தர் இன்னும் கையெழுத்து வாங்கலையாம்."

எனக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. அவன் தொடையைக் கிள்ளினேன். அவனுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். "அப்ப நீங்களும் சம்பந்தப்பட்டவங்கதான்!" என்று தாளை அவள் மடியில் விரித்துவிட்டான். "எத விடலாம்னு நீங்களே சொல்லுங்க."

அவள் தாளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஒரு கணம் என்னையும் பார்த்தாள்.

"அய்யோ, எல்லாமே முக்கியமாச்சே அண்ணா! அவசரப்பட்டு எதையும் அடிச்சிடாதீங்க. நிதானமா யோசிங்க."

"பாத்தீங்களா சித்தி? இவங்க ஒருத்தருக்குத்தான் புரியுது."

"மனநலத்த விட்டுட்டீங்களே, அண்ணா?"

அதையும் எழுதிக்கொண்டான். மையில்.

நான் தாளைப் பிடுங்கி நானே கோடு கிழிக்கலாம் என்று கை நீட்டியபோது கதவு திறந்தது. நேரம் முடிந்துவிட்டதென்று எழுத்தர் வந்து கூப்பிட்டது அந்தப் பெண்ணை. அவள் கோப்பில் பன்னிரண்டு பாடம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வராண்டாவில் ஒரே இடத்துக்காக நாங்கள் இருவர் வேண்டிக்கொண்டிருந்தோம். தெளிவாகக் கேட்டவளுக்கு ஆண்டவன் கொடுத்தான்.

பஸ்ஸில் பிள்ளை அழுவான் என்று முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். "ஒரு வகையில நல்லதுதான் சித்தி. ஒரு வருஷம் கையில இருக்கு, இனிதான் ஒழுங்காத் திட்டம் போட முடியும்" என்றவன், டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம் திரும்பினான். "அண்ணே, உங்ககிட்ட ஒரு கருத்து கேக்கலாமா?"

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? எதிர்வீட்டு நர்ஸைக் கேட்டேன், பக்குவமாகச் சொல்லச் சொன்னாள். என் வீட்டுக்காரர் சட்டென்று சொல்லச் சொன்னார். மாமனார் சொல்லவே வேண்டாம் என்றார். இன்னும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரித்தால் உடம்புக்கு நல்லது. ஆனால் சிரிக்கும்போது பார்த்துவிட்டேன். வலதுபக்கம் ஆடிக்கொண்டிருக்கிறதே அந்தக் கடைவாய்ப் பல், அதை எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று இதுவரை எத்தனை பேரைக் கேட்டிருப்பீர்கள்?