வாசல் கதவின் மூன்றாவது பட்டியல் குறித்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நலம். நீங்களும் என் மகளும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீங்கள் வடிவமைத்து, சோதனைக்காக எங்கள் வாசலில் பொருத்திவிட்டுப் போன ஸ்மார்ட் கதவின் குறைகளை போனிலேயே எழுதச் சொன்னீர்கள். அதில் இருநூறு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். நலம் விசாரிக்கவே அது போதவில்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் லிப்ட் ஆய்வாளராக இருந்தவன் நான். கதவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்ததும் திறக்கும் என்றீர்கள். சவரம் செய்திருந்தால் திறக்கிறது, செய்யாவிட்டால் யோசிக்கிறது, மழைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தால் "மன்னிக்கணும், நீங்க யாருன்னு எனக்குத் தெரியல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறது. அதற்கு என் மகளின் குரலையே வேறு பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள். பெற்ற மகளே யாரென்று கேட்க, நான் கையில் காய்கறிப் பையோடு அசடு வழிய நிற்கிறேன். எதிர்வீட்டுப் பல் மருத்துவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், நான் வேணா வந்து சாட்சி சொல்லட்டுமா?" என்கிறார். மானம் கப்பலேறிவிட்டது. ஆனாலும் இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது அந்த மூன்றாவது பட்டியல். வீட்டார், வந்து போவோர், அனுமதி இல்லாதோர் என்று மூன்று வைத்தீர்கள். கடைசிப் பட்டியல் காலியாக இருந்தால் சோதிக்க முடியாது, "சும்மா ஒரு முகம் குடுங்க மாமா" என்றீர்கள். நானும் பெரிய வீரன் மாதிரி ஆல்பத்தைப் புரட்டி, உங்கள் அத்தையின் தம்பி படத்தை எடுத்து நீட்டினேன். எங்கள் சண்டை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்பது வருடம் முன்பு அவர் குடியிருக்கும் கட்டடத்தின் லிப்ட் கம்பி தேய்ந்திருந்ததால் நான் சீல் வைத்தேன். முழங்கால் வலியோடு நாலு மாதம் ஆறு மாடி ஏறி இறங்கினார். "அத்தான், உங்களுக்குச் சட்டம் பெருசா, சொந்தம் பெருசா?" என்று கேட்டார். "சட்டம்தான்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். கம்பி தேய்ந்திருந்தது உண்மை. அதை அவரிடம் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

போன மாதம், நீங்கள் கதவைப் பொருத்திவிட்டுப் போனபின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை, ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது போன் கூவியது. "அனுமதி இல்லாதவர் வாசலில் நிற்கிறார்" என்று படத்தோடு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திருடன் என்று நினைத்துப் போலீசைக் கூப்பிடப் போனார்கள். படத்தில் என் மைத்துனர். தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டிப்போய், கையில் ஒரு மருந்துக்கடைப் பை. இருபது வருடத்துக்கு முந்தைய படத்தை வைத்து உங்கள் கதவு அவரைப் பிசகாமல் கண்டுபிடித்திருக்கிறது. தினமும் பார்க்கிற என்னைத்தான் அதற்கு அடையாளம் தெரிவதில்லை.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒன்பது வருஷமா செவ்வாய்க்கிழமை தவறாம வர்றான். உங்க செருப்பு வெளியில இருந்தா அப்படியே திரும்பிப் போயிடுவான். அரைமணி நேரம் பேசிட்டுப் போவான். நம்ம பொண்ணு நடக்கப் பழகினதே அவன் விரலைப் பிடிச்சுத்தான். அவ குரல்லயே 'உங்களுக்கு இங்க அனுமதி இல்ல, தள்ளி நில்லுங்க'ன்னு கேட்டுட்டுப் போயிருக்கான். நான் ஓடி வந்து கதவைத் திறக்கறதுக்குள்ள தெருமுனை தாண்டிட்டான்" என்றாள். அதன்பிறகு மூன்று செவ்வாய்க்கிழமை போய்விட்டது. அவர் வரவில்லை. அவள் போன் செய்தால், "பரவாயில்லக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாராம். எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இவ்வளவு பயந்ததில்லை மாப்பிள்ளை.

சரி, பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடலாம் என்று போனை எடுத்தேன். சேர்ப்பதற்கு ஒரு தட்டுதான். நீக்குவதற்கு ஒன்பது தட்டு. ஒன்பதையும் தட்டி முடித்தால், "நீக்கப்பட வேண்டியவரும் உரிமையாளரும் வாசலில் நேரில் சேர்ந்து நிற்கவும்" என்கிறது. வரக்கூடாது என்று விரட்டப்பட்டவர் எப்படி ஐயா வந்து நிற்பார்? நான் போய்க் கூப்பிட வேண்டுமா? இந்த வயதில், நானாகவா? இதை வரைந்தபோது உங்கள் மனதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. ஆகவே இந்த விதியை உடனே எடுத்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே யாருக்கும் தெரியாமல் பெயரை நீக்க வழி செய்யவும். ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்யாவிட்டால் கதவை நானே கழற்றிவிடுவேன். திருப்புளி என்னிடம் இருக்கிறது.

நீங்கள் போகும் இடமெல்லாம் வாசல்கள் உங்களைப் பார்த்ததும் திறக்கட்டும். மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
சோதனைக்கு உட்பட்டிருக்கும் மாமா

பின்குறிப்பு: கதவைக் கழற்றவில்லை. கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியவன், தபால் பெட்டியைத் தாண்டி மைத்துனர் வீட்டுக்கே போய்விட்டேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் வரவில்லை. கடைசியில், "கதவு உன்னை நேர்ல பாக்கணுங்குது" என்றேன். அவர், "கதவா, அத்தான்?" என்றார். "நான்தான்" என்றேன். சட்டையை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். இருவர் முகமும் கதவிலுள்ள சின்னக் கேமராக் கண்ணாடிக்குள் அடங்க வேண்டும் என்பதால் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. கதவு முடிவெடுப்பதற்குள் உங்கள் அத்தை உள்ளேயிருந்து திறந்துவிட்டாள். மூன்று பேரும் வாசலிலேயே நின்று அழுததில் பெயர் நீக்கம் பாதியில் நிற்கிறது. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறோம். நேரில் நிற்க வேண்டும் என்ற அந்த விதியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே நீக்க முடிந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.