மூணடி அண்ணாச்சியின் குடை

குடையைக் கையில் வைத்துக்கொண்டே வாழ்நாள் முழுவதும் மழையில் நனைந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தென்காசி தாலுகா ஆபீஸ் சர்வேயர், மூணடி அண்ணாச்சி. குற்றாலத்துச் சாரல் தொடங்கிவிட்டால் மூன்று மாதத்துக்கு எங்கள் ஊரில் துவைத்த வேட்டி காயாது. ஊரே குடைக்குள் ஒடுங்கி நடக்கும். அண்ணாச்சி மட்டும் மடக்கிய குடையைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு, மூக்கு நுனியில் நீர் சொட்ட, நடுத்தெருவில் நிமிர்ந்து போவார்.

காரணம் உண்டு. அந்தக் குடை நுனி முதல் பிடி வரை சரியாக மூன்றடி. மடக்கிய துணியைக் கம்போடு இறுக்கிச் சுற்றி, அரையடிக்கு ஒரு கட்டாக ஐந்து இடத்தில் வெள்ளை நூலால் கட்டியிருந்தார். குடையை விரித்தால் கட்டு அறுந்துவிடும். அறுந்தால் அளவு போய்விடும்.

"சர்க்கார் குடுத்த அளவுச் சங்கிலி நீளத்துக்கு. ஆழத்துக்கு இந்தக் குடை. மழை இன்னைக்குப் பெய்யும், நாளைக்கு வெறிக்கும். அளவு நிக்கணும்லா?" என்பார்.

அது வெள்ளைக்காரன் காலம். மணல், சரளை, கருங்கல் என்று மண்ணுக்குள்ளிருந்து யார் எதை எடுத்தாலும் பர்மிட் வேண்டும். சிற்றாற்றில் மணல் அள்ளும் பர்மிட்டில் 'மூன்றடிக்கு மேல் தோண்டக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு உயிர் வந்து, வேட்டி கட்டி, மீசை வைத்தால் எப்படியிருக்குமோ அதுதான் அண்ணாச்சி. மணல் வண்டிக்காரர்கள் வைத்த பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது. அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அவருடைய செக்ஷனில் குமாஸ்தா. இண்டர்மீடியட் தேறியவன் என்ற கர்வத்தோடு சேர்ந்தேன்; வயது இருபத்து மூன்று. இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது நல்ல பங்கு அல்ல. வர வேண்டிய இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சிக்கு ஆகாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'கொஞ்சம்'. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்றால் "எத்தனை அங்குலம்?" என்பார். "கால்வலி எப்படி ஓய் இருக்கு?" என்று தாசில்தார் ஒருநாள் அன்பாகக் கேட்டார். "நேத்து ரெண்டு பர்லாங்குல வந்துச்சுங்க. இன்னைக்கு மூணு பர்லாங்குல வந்துச்சு. ஒரு பர்லாங்கு சொகம்" என்று பதில் வந்தது.

ரத வீதி ஓட்டலில் ஒருநாள் இலைக்கு வந்த தோசை மேல் குடையைக் கிடத்தினார்.

"வேய், முந்தாநாள் தோசை ஒண்ணேகால் அடி. இன்னைக்கு ஒரு அடி. கால் அடி எங்கவே போச்சு?"

"சாரல் குளிர்லா அண்ணாச்சி, தோசை சுருங்கிட்டு."

"அப்படியா? அப்போ சட்னி மட்டும் எப்படி விரிஞ்சிச்சு?"

ஐந்தருவியில் ஒருமுறை வெளியூர்க்காரர் இருவர், அருவிக்கு அடியில் யார் நிற்பது என்று அடித்துக்கொள்ளப் போனார்கள். அண்ணாச்சி வேட்டியோடு உள்ளே புகுந்து, பாறையைக் குடையால் அளந்து, ஆளுக்கு இரண்டடி இரண்டு அங்குலம் என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அருவியில் எல்லைக்கல் நட முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்குப் பல நாள் இருந்தது.

இப்படிப்பட்டவருக்கும் அளக்க முடியாத ஒருவர் வாய்த்தார். அவர் சக்கடா முதலாளி. சக்கடா என்கிற கட்டை மாட்டுவண்டி முப்பது வைத்து ஆற்று மணலை அள்ளி விற்றவர். குற்றாலத்தில் சீசனுக்கு வாடகைக்கு விட இரண்டு வீடும் வைத்திருந்தார். எப்போது கேட்டாலும் வெற்றிலைச் சிரிப்போடு, "மூணடிக்கு மேல ஒரு உளுந்தளவு போவமா அண்ணாச்சி?" என்பார்.

அவர் தோண்டிய இடம் ஓர் அணைக்கட்டுக்கு நேர் கீழே. அந்த அணையிலிருந்து பிரியும் வாய்க்காலுக்கு மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். சுடலை என்று பெயர். அவர் ஆபீஸ் வாசலுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னார்.

"ஐயா, அணையோட அஸ்திவாரக் கல்லு பல்லு மாதிரி வெளிய தெரியுது. ஐப்பசியில ஒரு வெள்ளம் வந்தா அணை படுத்துக்கிடும். பொறவு நூறு கோட்டை விதைப்பாடு வயலும் தரிசுதான். நாங்க எங்க போவோம்?"

அண்ணாச்சி இரண்டு முறை ரிப்போர்ட் எழுதினார். இரண்டு முறையும் தாசில்தார் வந்து பார்த்தபோது ஆறு சமமாக இருந்தது. ஆற்று மணலின் குணம் அது. எத்தனை அடி தோண்டினாலும் சுற்றியிருப்பதை இழுத்துப் பரப்பிவிட்டால் பழைய மட்டம் எதுவென்று ஆற்றுக்கே மறந்துவிடும்.

"ஓய்," என்றார் தாசில்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "புதுப் பர்மிட் போடறேன். கடைசித் தடவையா அளந்து பாரும். மூணடியைத் தாண்டியிருந்தா பர்மிட்டைக் கிழிச்சுப் போடறேன். தாண்டலைன்னா உம்மையும் குடையையும் மழையே பெய்யாத தாலுகாவுக்கு மாத்திடுவேன்."

அண்ணாச்சி அசரவில்லை. குளம் வெட்டுகிறவர்களின் பழைய வழக்கம் ஒன்றை ஆற்றுக்குக் கொண்டுவந்தார். குளம் வெட்டும்போது நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். சுற்றிலும் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது என்பதற்கு அந்தத் திட்டின் உயரமே அத்தாட்சி. ஆற்று மட்டத்தோடு நாணல் வேரோடி இறுகிக் கிடந்த ஒரு திட்டைப் பார்த்து, "இதை எவனும் தொடப்படாது. இதுதான் சாட்சி" என்று பர்மிட்டிலேயே எழுதிவிட்டார். பங்குனி, சித்திரை முழுக்க வண்டிகள் ஓடின. வைகாசிக் கடைசி வெள்ளிக்கிழமை அளப்பது என்று முடிவானது. அந்த நாள் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும்: தாசில்தார், அண்ணாச்சி, நான்.

இனி என் பங்கு.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து மாமனார் பதினோரு பேரோடு சீசனுக்கு வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். 'குற்றாலத்தில் அருவிச் சத்தம் கேட்கிற வீடு பார்த்து வைத்திருக்கிறேன்' என்று நான் ஏற்கெனவே பீற்றிக்கொண்டிருந்தேன். பார்த்து வைத்த வீடு எதுவும் இல்லை. சக்கடா முதலாளி என்னை வழியில் பிடித்து, ஒரு வீட்டுச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"மாமனார் வாராகளாமே தம்பி? இதுல தங்கட்டும். அது கெடக்கு, அண்ணாச்சி எப்போ அளக்க வாராரு?"

"வெள்ளிக்கிழமை" என்றேன். அவர் இரண்டாம் முறை கேட்கக்கூட இல்லை. யாரும் மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. சொல்லிவிட்டேன். ஒரு வீட்டுக்காக ஒரு மனிதரின் வேலையையும், நான் பெயர்கூட அறியாத பலருடைய வயலையும் விற்றேன்.

முதலாளி நேராக ஆற்றுக்குப் போய்த் தன் மேஸ்திரியிடம், "வெள்ளிக்கிழமை அளக்க வாராக. சாட்சியைச் சரி பண்ணிருங்கலே" என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி தலையாட்டியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலையில் தலையாரியை விட்டு எல்லோரையும் வரவழைத்தார்கள். தாசில்தார் வில்வண்டியில் வந்து இறங்கினார். சுடலையும் இருபது விவசாயிகளும் அணைக்கட்டின் மேல் வரிசையாக நின்றார்கள். நான் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி பின்னால் நடந்தேன். முதலாளியின் முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக் களை.

"நேரா வாங்கய்யா. சாட்சி முழங்கால் உயரம் இருந்தா அதிகம்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய் நாணல் புதரைச் சுற்றித் திரும்பினார். திரும்பியவர் நின்றுவிட்டார். வாயில் வெற்றிலை மெல்லுவதும் நின்றுவிட்டது.

சாட்சி அண்ணாச்சியின் தலை உயரத்துக்கு நின்றது. உச்சியில் நாணல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி குடையைத் திட்டின் அடியில் நிறுத்தினார். குடை பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியது. (அண்ணாச்சி மன்னிக்க வேண்டும்: மூன்று அங்குலம் தாண்டியது.) பிடி முடிந்த இடத்தில் விரலை வைத்து மறுபடியும் நிறுத்தினார். நூல் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"மூணு. பொறவு ரெண்டரை. ஆக அஞ்சரை அடி."

"அஞ்சரையா!" என்றார் தாசில்தார்.

முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "அநியாயம்! பச்சைப் பொய்! அஞ்சரை எப்படிவே வரும்? நாங்க நாலடிதான் தோண்டுனோம்!"

தாசில்தார் மெதுவாக அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"பர்மிட்ல எத்தனை ஓய் போட்டிருக்கு?"

அண்ணாச்சி பர்மிட்டை எடுத்து விரிப்பதற்குள், அணைக்கட்டின் மேலிருந்து இருபத்தொரு தொண்டை ஒன்றாகக் கத்தியது: "மூணடி!"

அப்போதுதான் மேஸ்திரி முன்னால் வந்தான். பரிசு வாங்க வருகிறவன் மாதிரி ஒரு சிரிப்பு. "முதலாளி, நீங்க சொன்ன மாதிரியே சாட்சியைச் சரி பண்ணிட்டோம். முழுசா ஒண்ணரை அடி ஏத்தி, நாணலையும் வேரோட மேல நட்டாச்சு. நம்ம கைவேலையை எந்தக் கொம்பனும் கண்டுபிடிக்க முடியாது!"

"ஏலே பாவி! இறக்கச் சொன்னேன்லே!"

"இறக்கவா? சாட்சியை எவனாவது இறக்குவானா? கூலி கொறைஞ்சிரும்லா!"

விஷயம் இதுதான். மேஸ்திரியும் அவன் ஆட்களும் பரம்பரையாகக் குளம் வெட்டியவர்கள். குளவேலையில் ஆழத்துக்குத் தகுந்த கூலி. அதனால் அளக்க வருகிறார்கள் என்றால், முந்தினநாளே சாட்சியின் தலையில் மண்ணை ஏற்றி ஆழத்தைக் கூட்டிக் காட்டுவார்கள். அவர்கள் அகராதியில் சாட்சியைச் 'சரி' பண்ணுவதற்கு வேறு வழியே கிடையாது. மணல் பர்மிட்டில் தலையைச் சீவிக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பதை முதலாளி விளக்கிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்.

பர்மிட் அங்கேயே ரத்தானது. அள்ளிக் குவித்திருந்த மணலையெல்லாம் அணை அடியில் திரும்பக் கொட்ட வேண்டும் என்று உத்தரவு. முப்பது சக்கடா வண்டியும் வந்த வழியே திரும்பி வரிசையாக ஆற்றுக்குள் இறங்கிய அந்தக் காட்சியை எந்தத் தேரோட்டத்திலும் நான் பார்த்ததில்லை. சுடலை துண்டைச் சுழற்றிக்கொண்டு முதல் வண்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தார். அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது, அணை நின்றது. தைமாதம் சுடலை புதுநெல் ஒரு மூட்டை கொண்டுவந்தார். "லஞ்சம் வாங்குற வழக்கம் இல்லைவே" என்று சொல்லி, மூட்டைக்குள் குடையை விட்டு ஆழம் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார் அண்ணாச்சி.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்னும் முடியவில்லை.

தாசில்தார் வண்டியேறிப் போனதும் முதலாளி என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"தம்பி, சாவி."

எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த நாளைப் பற்றி யார் வாய் திறந்தார்கள் என்று கணக்குப் போட அவருக்கா தெரியாது?

"நாலு அங்குலம் இருக்கும்" என்றார். சாவியைத்தான் சொன்னார். பிறகு சங்கிலியைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.

சாயங்கால ரயிலில் மாமனார் வருகிறார். வீடு இல்லை. பன்னிரண்டு பேரையும் என் இரண்டு அறைக்குள் எப்படி அடைப்பது என்ற யோசனையோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அண்ணாச்சியும் கூடவே வந்தார். பாதி வழியில் அந்த வருஷத்தின் முதல் சாரல் இறங்கியது.

"ஏலே, மாமனாருக்கு முன்னால நனைஞ்ச கோழி மாதிரியா போய் நிப்பே?" என்றவர், குடையை வாய்க்குக் கொண்டுபோய் நூல் கட்டுகளைப் பல்லால் கடித்தார். பட், பட் என்று ஐந்தும் அறுந்தன.

"அண்ணாச்சி, அளவு போயிருமே!"

"எங்கிட்ட நூல் இருக்கு. திரும்பக் கட்டிக்கிடலாம்."

"அண்ணாச்சி, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன்.

"கொஞ்சம்னு ஒரு அளவு கிடையாதுலே. எம்புட்டுன்னு அளந்துட்டு வந்து சொல்லு."

அளந்து முடிக்க எனக்கு அறுபது வருஷம் ஆகிவிட்டது. இதோ சொல்லிவிட்டேன், கேட்க அவர் இல்லை.

வருஷக்கணக்கில் விரிக்காத குடை அல்லவா, பாதித் துணியைப் பூச்சி அரித்திருந்தது. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். குடையை மெல்லச் சுழற்றி, ஓட்டையில்லாத பாதியை என் தலைக்கு மேல் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மற்ற பாதிக்கு அடியில் மூக்கு நுனியில் நீர் சொட்ட, ஸ்டேஷன் வரை நடந்து வந்தார்.