சாம்பிள் தொங்கவிட்ட மிளகுச் சாக்கு

மாத்தளை டவுனில் ஒரு நாற்காலிகூட வைத்த இடத்தில் நிம்மதியாக இருக்க முடியாமல் போன காலம் ஒன்று உண்டு. அது ‘சாம்பிள்’ எங்கள் கந்தோரில் வேலை பார்த்த காலம்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிப் பிரதான வீதியில் விசாரித்தால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ‘சாம்பிள்’ என்றால் போதும், ஹார்ட்வெயார் கடைக்காரர் முதற்கொண்டு புடவைக்கடைப் பெண்கள் வரை எல்லோரும் முதலில் தங்கள் சாமான்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். கடைக்குள் நுழையும்போதே அவள் கையை நீட்டிக்கொண்டு நுழைவாள். “ஒரு சாம்பிள் தாங்களேன்.” ஓட்டுத் துண்டு, திரைச்சீலைத் துண்டு, மரத்தூள், தும்புக்கயிறு, பாக்கு மட்டை, எதுவானாலும் சரி. ஒருமுறை கண்டி பஸ்ஸில் கிழிந்து தொங்கிய சீட்டுத் தோலில் ஒரு சாம்பிள் கேட்டதற்கு, கொண்டக்டர் அவளை நடுவழியில் வரக்காமுறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

எங்கள் கந்தோர் என்பது சட்டத்தரணியும் காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுமான எங்கள் முதலாளி சேருடைய அலுவலகம். நான் அங்கே பத்தொன்பது வருடமாக எழுதுவினைஞர். சாம்பிள் டைப் அடிக்க வந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை உறுதிகளை டைப் அடிப்பாள், சனி ஞாயிறுகளில் கண்டிக்குப் போய் உள்ளக அலங்காரம் படிப்பாள். வீட்டுக்குள்ளே எதை எங்கே வைப்பது, சுவருக்கு என்ன நிறம், தரைக்கு என்ன பாய் என்று டிப்ளோமா கொடுக்கும் படிப்பு. “எதை எங்க வைக்கிறதுன்னு படிக்கிறதுக்கு ரெண்டு வருஷமா?” என்று சேர் கேட்டார். “எதை வைக்கக் கூடாதுன்னு படிக்கத்தான் சேர் ரெண்டு வருஷம்” என்றாள் சாம்பிள். சொல்லிக்கொண்டே அவர் மேசையிலிருந்த மூன்று காலண்டர்களில் இரண்டை எடுத்துவிட்டாள்.

அவளால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. ஒரு பந்தி டைப் அடிப்பாள், எழும்பி அலுமாரியை அரை அடி தள்ளுவாள். அடுத்த பந்தி, பூச்சாடி இடம் மாறும். ஒரு திங்கட்கிழமை காலை நான் வந்து பார்த்தால் சுவரைப் பார்த்தபடி கிடந்த என் மேசை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரைக் கேட்டு மாத்துன?”

“பத்தொன்பது வருஷமா செவத்தப் பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்கண்ணே. செவத்துல என்னதான் எழுதியிருக்கு?”

நான் மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். மறுநாள் அது மீண்டும் ஜன்னலுக்குப் போயிருந்தது. மூன்றாம் தடவை எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஜன்னல்தான் என்றாகிவிட்டது.

முதல் தடவை அவள் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர் முன்னால் வைத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அட்டை முழுக்க இலை, துணி, கயிறு, கறுவாப்பட்டை, பத்திரிகையில் வெட்டிய படங்கள்.

“இது என்ன புள்ள?”

“மூட் போர்ட் சேர்.”

“மூடு போர்டா? கந்தோர மூடிட்டோம்னு வாசல்ல தொங்கவிடவா?”

“இல்ல சேர். ஒரு ரூமுக்குள்ள போனா மனசுக்கு எப்பிடி இருக்கணும்னு முன்கூட்டியே ஒட்டிப் பாக்குறது.”

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நடுவில் ஒட்டியிருந்த கறுப்புத் துணி எங்கேயோ பார்த்ததாக இருந்தது.

“இது என் குடையில்லியா?”

“ஓட்டை இருந்திச்சுண்ணே. ஓட்டையைச் சுத்தித்தான் வெட்டுனேன்.”

இப்படிப்பட்டவளுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. எதையும் முடிக்க மாட்டாள். ஒரு அட்டை பாதி ஒட்டியதும் வேறு யோசனை வந்துவிடும், பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவாள். மாரியம்மன் தேரன்று ஊரே கைகூப்பி நிற்க, இவள் மட்டும் தேர்ச்சீலையை அண்ணாந்து பார்த்து, “அண்ணே, இந்தச் செவப்ப வச்சு அந்த போர்ட்ட முழுசா மாத்தணும்” என்றாள். “முதல்ல கும்பிடு” என்றேன். கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு சீலையின் அகலத்தை விரலால் அளந்தாள்.

ஏன் இந்த அவசரப் பறதி என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். அவள் பிறந்து வளர்ந்தது மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறையில்.

“எங்க காம்பராவுல ஏழு பேருண்ணே. காலைல அது சமைக்கிற குசினி, பகல்ல படிக்கிற எடம், ராவைக்குப் படுக்கிற எடம். சாமான மாத்தி மாத்தி வைக்காட்டி ஒருத்தர் வெளியதான் படுக்கணும். யாரு எங்கன்னு தெனம் நான்தான் பிளான் போடுவேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். “கிளாஸ்ல மொத அசைன்மன்ட் என்ன தெரியுமா? சின்ன வயசுல உங்க பெட்ரூம் எப்பிடி இருந்திச்சுன்னு வரையணுமாம். நான் எந்த நேரத்துக்குன்னு வரையுறது? காலைக்கா, ராவைக்கா?”

இரண்டாம் வருடக் கடைசியில் அவளுக்குப் படிப்பிக்கும் மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உண்மையான ஓர் அறையை எடுத்து, சூழலைக் கெடுக்காத பொருட்களை மட்டும் வைத்து, முழுதாக முடித்துக் காட்ட வேண்டும். நேரில் வந்து பார்ப்பேன், பாதியில் நின்றால் டிப்ளோமா இல்லை என்றார். சாம்பிள் அன்று முழுக்க நகத்தைக் கடித்தாள். மறுநாள் சேரிடம் போய் எங்கள் காத்திருக்கும் அறையைக் கேட்டாள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உட்கார இரண்டு நீள வாங்குகள் நேருக்கு நேர் கிடக்கும். எங்கள் கட்சிக்காரர் ஒரு வாங்கில், சமரசம் பேச வரும் எதிர்க்கட்சிக்காரர் மற்ற வாங்கில். காணி வழக்குக்காரர்கள் மணிக்கணக்கில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருப்பார்கள். அதில் மிகவும் முற்றிய முறைப்பு பலாபத்வலையைச் சேர்ந்த இரண்டு நானாமாருடையது. கூடப்பிறந்த அண்ணன் தம்பி, இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. வாப்பா மௌத்தான பிறகு காணியைப் பிரிக்கப் போய், நடுவில் இருந்த கிணற்றில் சண்டை வந்து நின்றுவிட்டது. நான்கு வருடமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார், இரண்டு முழம் தள்ளி இருக்கும் தம்பிக்கு நான் அதைச் சொல்ல வேண்டும்.

“இந்த ரூம்தாண்ணே அவங்கள சண்ட போட வைக்குது” என்றாள் சாம்பிள். “நேருக்கு நேரா ஒக்கார வச்சா மொறைக்காம என்ன செய்வாங்க?”

சேர் ஒரு மாதம் கொடுத்தார். ஒரே நிபந்தனை: முடித்த பிறகு எதையும் நகர்த்தக் கூடாது.

அந்த ஒரு மாதமும் எங்கள் கந்தோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் வாங்கின் உயரம் சரியா என்று பார்க்க, காத்திருந்தவர்களின் முழங்காலையெல்லாம் நாடா வைத்து அளந்தாள். வயதான ஹாஜியார் ஒருவர் கண்ணயர்ந்திருந்தார். விழித்துப் பார்த்தால் காலடியில் ஒரு பெண் நாடாவோடு குந்தியிருக்கிறாள். அவர் பதறி எழுந்து, “இன்னம் மௌத்தாகல்ல மகள், அளக்காதீங்க!” என்று வெளியே போனவர்தான், உறுதியை வாங்க மகனை அனுப்பினார்.

அடுத்து சுவர். கடைப் பெயிண்ட் கூடாதாம். இயற்கையான மஞ்சள் நிறம் வேண்டுமென்று சுண்ணாம்பில் மஞ்சள்தூளைக் கரைத்து அடித்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகுமென்று எந்தத் தமிழ் வீட்டிலும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவளுக்கும் தெரியும். ஆனால் அவசரம். சேர் வந்து பார்க்கும்போது சுவர் ரத்தச் சிவப்பாக நின்றது.

“என்ன புள்ள, செவத்துக்கு ஆரத்தி சுத்தியிருக்க?”

“எர்த் டோன் சேர்” என்றாள், கண்ணில் தண்ணீரோடு. பழுப்போ சிவப்போ, அவள் கைமீறிப் போன எல்லா நிறத்துக்கும் அதுதான் பெயர். நல்லவேளை, இரண்டு வாரத்தில் அந்தச் சிவப்பு வெளிறி, பார்க்க ஒரு மாதிரி இதமான நிறத்துக்கு வந்து சேர்ந்தது.

பட்டை உரித்த கறுவாத் தடிகளை வரிசையாகக் கட்டி ஒரு மறைப்புச் செய்தாள். வாங்குகள் இரண்டையும் ஜன்னல் மூலையில் ‘ட’ மாதிரிச் சேர்த்துப் போட்டாள். இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே மலையைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். ஜன்னல் திரைக்கு வாசனைச் சாமான் கடையிலிருந்து பழைய சாக்குகளை வாங்கி வந்து தைத்தாள். கழுவிக் காயவைத்துத்தான் தொங்கவிடுவேன் என்றாள். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளும் மழை. அதற்குள் மிஸ் மறுநாளே வருவதாகப் போன் எடுத்துவிட்டார். சாம்பிள் சாக்குகளை முற்றத்தில் நான்கு உதறு உதறி, அப்படியே தொங்கவிட்டாள். அவை மிளகுச் சாக்குகள்.

மறுநாள் மழை விட்டு ஒரே புழுக்கம். மிஸ் வந்தார். சிங்களத்தில் மிக மெல்லிய குரலில் பேசும் அம்மா. அதே நேரத்தில் பலாபத்வலை நானாமார் இருவரும் வந்து சேர்ந்தார்கள். வழக்கமான வாங்குகளைத் தேடினார்கள். மூலையைத் தவிர இருக்க இடமில்லை. ஆளுக்கொரு வாங்கில், முழங்கால் முட்டுகிற தூரத்தில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

மிஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தொட்டார். கறுவாத் தடியை முகர்ந்தார். சாம்பிள் அவர் பின்னாலேயே விரலை நெரித்துக்கொண்டு நடந்தாள். “புழுக்கமாக இருக்கிறதே, ஃபேனைப் போடலாமா?” என்று மிஸ் கேட்டதுதான் தாமதம், ஓடிப்போய் அதை உச்ச வேகத்தில் சுழலவிட்டாள்.

சாக்குத் திரை ஒருமுறை மெதுவாக உப்பியது. பிறகு படபடவென்று அடித்துக்கொண்டது.

முதல் தும்மல் மிஸ்ஸுடையது. இரண்டாவது என்னுடையது. உள்ளே சேர் அறையிலிருந்து மூன்றாவது கேட்டது. பிறகு பெரிய நானா ஜன்னல் கண்ணாடி அதிரத் தும்மினார். தும்மிவிட்டு, வாய்ப் பழக்கத்தில் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

ஒருவர் தும்மி இறைவனைப் புகழ்ந்தால், கேட்டுக்கொண்டிருக்கும் முஸ்லிம் அவருக்காகப் பிரார்த்தித்துப் பதில் சொல்ல வேண்டும். அது கடமை. அந்த அறையில் அதைச் சொல்ல வேண்டியவர் ஒரே ஒருவர்தான். சின்ன நானா மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

“யர்ஹமுகல்லாஹ்” என்றார், மலையிடம் சொல்வது போல.

அந்தப் பதிலுக்குப் பெரியவர் ஒரு பதில் சொல்ல வேண்டும். சொன்னார். அவர் சொல்லி முடிக்குமுன் சின்னவர் தும்மினார். இப்போது முறை மாறியது. நான்கு வருடம் பூட்டியிருந்த இரண்டு வாயும் மாறி மாறித் திறந்துகொண்டிருந்தன. பெரியவருடைய நான்காவது தும்மலுக்குச் சின்னவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே நேராகத் திரும்பினார்.

“மூணுக்கு மேல பதில் செல்லத் தேவல்ல.”

“அப்ப செல்லாத.”

“செல்லுவன்.” சொன்னார். உடனே தானும் தும்மினார்.

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒனக்கு சின்னதுல ஈந்தே இந்தத் தும்மல். உம்மா ஒன்ன மடியில போட்டுக்கிட்டு ராவெல்லாம் முழிச்சிக்கிட்டு ஈப்பா...” பாதியில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

சாம்பிள் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது தன் டிப்ளோமா தும்மலில் பறந்து போவது மட்டும்தான். ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள். சாக்கைக் கழற்றக் கை வைத்தாள். பிறகு வாங்கை இழுக்கப் போனாள், “மிஸ், அஞ்சு நிமிஷம், வேற மாதிரி மாத்திடுறேன், வேற ஐடியா இருக்கு” என்று சிங்களமும் தமிழும் கலந்து அழுதபடி.

மிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன்: “தொடாதே மகள். இது முடிந்துவிட்டது. நீ முடித்துவிட்டாய். அங்கே பார்.”

அப்போதுதான் அவள் மூலையைப் பார்த்தாள். இரண்டு கிழவர்களும் ஒரே கைக்குட்டையில் மாறி மாறி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

நான் அவளை அறிந்த காலத்தில் அவள் கை இரண்டும் சும்மா தொங்கியது அந்த ஒருமுறைதான்.

மிஸ் குறைகளை விடாமல் எழுதினார்: சாக்கைக் கழுவியிருக்க வேண்டும், சுவர் நிறம் திட்டமிட்டதல்ல, காற்றோட்டத்தை யோசிக்கவில்லை. ஆனாலும் சாம்பிள் பாஸ். நானாமார் அன்றே கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, வெளியே போய் டீக்கடையில் அரைமணி நேரம் சத்தம் போட்டுத்தான் பேசினார்கள். ஆனால் அடுத்த மாதம் ஒரே த்ரீவீலரில் வந்து இறங்கினார்கள், கிணறு இருவருக்கும் பொது என்று எழுதச் சொல்லி. உறுதியில் கையெழுத்துப் போட்டபோது சேர், “நல்லா வளந்துகிட்டு இருந்த வழக்கு. ஒரு சாக்குல போச்சு” என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே அவளுக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதினார், இரண்டு பக்கம். நான் பார்த்தவரையில் அவர் யாருக்கும் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதியதில்லை.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாம்பிள் கொழும்புக்குப் போனாள். இப்போது ஹோட்டல்களுக்கு அறை அலங்கரிக்கும் இடமொன்றில் வேலை. கைக்கு ஓயாத வேலை, காலுக்கு ஓயாத ஓட்டம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பாள். தென்னை மட்டையில் பலகை செய்கிறார்களாம், பழைய தண்டவாளக் கட்டையில் கட்டில் செய்கிறாளாம். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்து, “இருங்கண்ணே, ஒரு யோசனை வந்திருச்சு” என்று பாதியில் வைத்துவிடுவாள். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்க எனக்கு இதுவரை இடம் கிடைத்ததில்லை. கேட்காமல் போன கேள்வியோடு போனை வைத்துவிட்டு, நான் என் நாற்காலியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போடுவேன்.