திருத்திய மூன்றாம் நாள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும் என்பதை இந்த முறை மரியாதைக்காக எழுதவில்லை, மனசார எழுதுகிறேன். கலை மையத்தின் செய்தித் தொடர்பு வேலையை நான் விட்டதில் அக்காவுக்குக் கோபம் என்று கேள்விப்பட்டேன். நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாம் என் முனைவர் பட்டத்தில் ஆரம்பித்த வினை. செத்தவர்களைப் பாடிய பழைய பாட்டுகளை ஆறு வருஷம் ஆராய்ந்தவனுக்குப் பத்திரிகை ஆபீசில் வேறென்ன கொடுப்பார்கள்? அஞ்சலிக் குறிப்பு எழுதக் கொடுத்தார்கள். பெரிய மனிதர் போன பிறகு எழுத உட்கார்ந்தால் அச்சுக்கு நேரம் இருக்காது என்பதால், அவர் நன்றாகச் சாப்பிட்டு நடமாடும்போதே எழுதி, வயதுக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டு வைப்பது தொழில் வழக்கம். பத்திரிகையில் பன்னிரண்டு வருஷம், வானொலியில் எட்டு வருஷம் இதையே செய்தேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கலை மையத்துக்கு வந்த பிறகுதான் சனியன் பிடித்தது. அங்கிருந்த அஞ்சலிக் கோப்புகளில் ஒரே பிழை. புல்லாங்குழல்காரர் கோப்பில் அவருடைய குருவின் பெயர் தப்பு. திருத்தினேன், மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். தற்செயல் என்று நினைத்தேன். நாட்டிய ஆசிரியை பிறந்த வருஷத்தைத் திருத்தினேன், மூன்றாம் நாள் மாலை அவருடைய வகுப்பு நடக்கவில்லை. சிற்பி ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்து ஃபோனில் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை அவர் கோப்பில் ஒரு வரியை அடித்து எழுதிவிட்டது. அவருக்கும் அதே மூன்று நாள்தான். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை அத்தான், பயமாக இருக்கிறது. தொண்ணூற்றாறு வயது விமரிசகர் ஒருவருடைய கோப்பு மட்டும் தப்பும் தவறுமாக அப்படியே கிடக்கிறது. மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

விஷயம் ஆபீசில் கசிந்தது. நான் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கினார்கள். தட்டச்சு செய்யும் அம்மா மட்டும் கதவைச் சாத்திவிட்டு வந்து, "சார், எங்க மாமியார் கலைஞர் இல்ல. இருந்தாலும் அவங்க பேர்ல ஒரு ஃபைல் போட முடியுமா?" என்று கேட்டார். போன வாரம் இயக்குநர், விமரிசகரின் கோப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "எவ்வளவு தப்பு பாருங்க" என்றார். அவருடைய கவிதைகளை விமரிசகர் கிழித்துத் தொங்கவிட்டது எனக்குத் தெரியாதா? ஆனாலும் விரல்கள் தாமாகப் பேனாவைத் தேடின. இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டேன். மறுநாளே ராஜினாமா கொடுத்தேன். இனி என் பேனாவால் ஒரு உயிர் போகாது.

உங்கள் நாடகங்களைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதவில்லை என்று இனி வருத்தப்படாதீர்கள். அது நீங்கள் செய்த புண்ணியம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு நிறைந்த ஆயுள்.

என்றும் உங்கள்
மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஆபீஸ் மேஜையைக் காலி செய்தேன். அடி டிராயரில், பெயர் இருந்த முதல் பக்கம் கிழிந்துபோன கோப்பு ஒன்று கிடந்தது. யாரோ நாடகக்காரர். பரிசு வாங்கிய வருஷம் தப்பாக இருந்ததால் பழக்கதோஷத்தில் திருத்திவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினால், மனைவி என்ற இடத்தில் அக்காவின் பெயர். நாலு தடவை ஃபோன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. தபால் உங்கள் ஊருக்கு வர மூன்று நாள் ஆகும். அக்கா, இதை நீ பிரித்துப் படிக்கிறாய் என்றால் என்னை மன்னித்துவிடு.