ஆக்டினைப் பார்த்த பின் கல்யாணத்தை ஒத்திவைப்பது குறித்து

நல்லம்பள்ளி

மொரப்பூர் மைத்துனர் மாதேஸ்வரன் அவர்களுக்கு, கருப்பண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு கறவை மாடு உட்பட அனைவரும் நலம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள் என்பதால் கடிதம்.

நீங்கள் கொண்டுவந்த சம்பந்தத்தைத் தையிலேயே முடிக்க வேண்டும், மகள் சோபனாவை ஆராய்ச்சியை விட்டுவிட்டு வரச்சொல்ல வேண்டும் என்றுதான் ஆயுத பூஜையன்று பெங்களூரு போனேன். ஆய்வுக்கூடத்தில் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்பானேன் என்று நானும் நுண்ணோக்கிக்குச் சந்தனம் வைத்தேன். டிராக்டருக்கு முன்விளக்கில் வைத்த பழக்கம்; இதற்கு லென்ஸில் வைத்துவிட்டேன். சோபனா மதியம் வரை துடைத்தாள். “அதுக்கு நெத்தி எதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா?” என்றாள்.

பிறகு காட்டினாள். ஒரு செல், அதற்குள் உட்கரு, அதற்குள் பச்சையாக நூல்கள். ஆக்டினாம், நம் தசையை இழுக்கிற அதே புரதம். உட்கருவுக்குள் அது கிடையாது என்றே அறிஞர்கள் பலர் நெடுங்காலம் சாதித்தார்களாம். இருக்கிறது மைத்துனரே, நான் பார்த்தேன். கோஃபிலின் என்ற புரதம் அதை உள்ளே அழைத்துப்போகிறது, புரோஃபிலின் என்பது வெளியே கூட்டிவருகிறது. நம் கல்யாணப் பந்தியில் உட்காரவைக்க ஓர் ஆள், எழுப்ப ஓர் ஆள் நிற்பது போல. இங்கே சண்டை மட்டும் இல்லை. டி.என்.ஏ. அறுந்துபோனால் இந்த நூல்கள் முளைத்து, அறுந்த இடத்தைப் பழுதுபார்க்க நகர்த்திப்போய், வேலை முடிந்ததும் கலைந்துவிடுகின்றன. ஒளியால் அறுத்தே காட்டினாள். அது மெல்ல நகர்ந்தது. நான் செருப்பை எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

“இதெல்லாம் யாருக்குள்ள நடக்குதும்மா?”

“எல்லாருக்குள்ளயும்தாம்ப்பா. மாமாவுக்குள்ளயும்.”

உங்களைத் தெரிந்தும் நம்பினேன்.

இந்தக் கோஃபிலின் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை அவள் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆகுமாம். உங்கள் தங்கை தீர்த்தம்மாள், “மாப்ள வூட்டுக்காரங்க வந்து கேட்டா கோஃபிலினையா கூப்புட்டு நிக்க வெப்பீங்க?” என்கிறாள். இருந்தாலும் நான் உறுதியாக இருக்கிறேன். கல்யாணம் இரண்டு வருடம் கழித்துத்தான். பொறுக்க முடியாதென்றால் அவர்கள் வேறு பெண் பார்க்கட்டும். நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள், சிறியவர்கள், அவர்களின் உட்கருக்கள் அனைத்தும் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கருப்பண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது சோபனா கூப்பிட்டாள். மாப்பிள்ளையிடம் அவளே பேசி முடித்துவிட்டாளாம். தையிலேயே கல்யாணம், மறுவாரமே ஆய்வுக்கூடம், அவருக்கும் சம்மதமாம். “ரெண்டும் ஒண்ணா நடக்குமான்னு என்னை யாருமே கேக்கலியேப்பா” என்கிறாள். ஆகவே மேலே எழுதியதில் புரதத்தைப் பற்றியது மட்டும் செல்லும். மண்டபத்தைப் பேசிவிடுங்கள்.