ராமலட்சுமி அம்மாளின் கழுத்துச் சாயம்

அருப்புக்கோட்டை,
27-12-1967

தூத்துக்குடியில் உத்தியோகத்திலிருக்கும் மாப்பிள்ளை லிங்கம் அவர்களுக்கு, மாமனார் சௌடையா எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை வெங்கடலட்சுமியும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், ஏழு மாதமாக இருக்கும் எங்கள் மகள் சௌடேஸ்வரியும் சௌக்கியமாயிருக்க அம்மன் துணை. கிளியும் சௌக்கியம். அதாவது, உயிரோடு இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது. மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதாகத் தாங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. தாங்கள் கோபிக்காமல் பங்குனிக்குப் பிறகு வந்தால் நல்லது. மாசியில் பிரசவம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கும்போது பங்குனிக்குப் பிறகு வந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கும் குழப்பமாக இருக்கிறது. காரணம் கிளியின் கழுத்து.

தங்கள் வாடகை வீட்டுக்காரர் பூனை வளர்க்கிறார் என்று ஆடியில் கிளியை எங்களிடம் விட்டுப்போனீர்கள். காலமான தங்கள் தாயார் ராமலட்சுமி அம்மாள் பெயரை அதற்கு வைத்திருப்பதால் நான் இன்றுவரை அதை ஒருமையில் கூப்பிட்டதில்லை. "சம்பந்தியம்மா, கொய்யா சாப்பிடுங்க" என்றுதான் சொல்கிறேன். தாங்கள் எழுதிக்கொடுத்த தாளைக் கூண்டுக்கு மேலேயே ஒட்டிவைத்து, அதன்படி தினம் கூண்டுத் தரையில் காகிதம் மாற்றி, தண்ணீர்க் கிண்ணம் கழுவி, அலகும் நகமும் தேய்த்துக்கொள்ள வேப்பங்குச்சி கட்டி, வாரம் இரண்டு முறை இளவெயிலில் குளிப்பாட்டி வந்தேன். இங்கே குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். உங்கள் அத்தை, "மனுசரு குளிக்கவே தண்ணியக் காணோம், இவுகளுக்கு வாரத்துல ரெண்டு குளியலாக்கும்" என்றாள். சம்பந்தியம்மா காதில் விழும் என்று அடக்கினேன். குளிப்பாட்டுவது எனக்குப் புதிதல்ல, சாயப்பட்டறையில் முப்பது வருஷம் நூலைக் குளிப்பாட்டியவன். ஆனால் பிழியவில்லை. அது சத்தியம்.

ஐப்பசியில்தான் வினை வந்தது. முதலில் இறகு கொட்டியது. நான் தேய்த்தது அதிகமோ என்று தேய்ப்பதை நிறுத்தினேன், அப்போதும் கொட்டியது, அழுக்கினால் கொட்டுகிறதோ என்று மறுபடி தேய்த்தேன். தீபாவளிச் சேலைக்குச் சிவப்பும் கறுப்பும் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. என் கையைத்தான் பார்த்திருக்கிறீர்களே, எத்தனை கழுவினாலும் விரலிடுக்கில் சாயம் நிற்கும். அந்தக் கையால்தான் கழுத்தைப் பிடித்துக் குளிப்பாட்டினேன். புது இறகு முளைத்ததும் பார்த்தால், பிடித்த இடத்திலேயே, தாடைக்குக் கீழே கறுப்பு, பிடரியில் ரோஸ், சுற்றி ஒரு வளையம். விரலை வைத்து அளந்து பார்த்தேன். என் கைதான்.

சீயக்காய் போட்டேன், போகவில்லை. அரப்பு போட்டேன், இன்னும் பளிச்சென்று ஆகிவிட்டது. புளித்த மோர் தடவப் போனேன், சம்பந்தியம்மா அதைக் குடித்துவிட்டார்கள். சலவைத்தூளைக் கையில எடுத்தப்ப அவுக என்னப் பாத்த பார்வை இருக்கே மாப்ளே, அப்படியே கீழ வச்சிட்டேன். சௌடையா போட்ட சாயம் மூணு தண்ணிக்கு நிக்காதுன்னு சொல்லாத ஆளு இந்த ஊர்ல இல்ல. முப்பது வருசத்துல என் கையால போட்டதுல நின்னது இது ஒண்ணுதான். அது உங்க அம்மா கழுத்துல போயா நிக்கணும்.

கல்யாணத்தன்று மகள் கட்டியிருந்த சேலையின் சாயம் தங்கள் பட்டு வேட்டியில் இறங்கியதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கே ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களுக்கு ஒரே மகள். இந்தக் கழுத்தைப் பார்த்து மனம் கசந்து, பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்டாமல் போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் அத்தையோ, "மாப்ள கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க" என்று கைகழுவிவிட்டாள். ஆகையால் நிறம் மங்கும்வரை வராதீர்கள். வராமலும் இருந்துவிடாதீர்கள்.

மகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். பிள்ளை சுகமாய்ப் பிறந்து, நல்ல நிறமும் நீண்ட ஆயுளுமாய் வளரட்டும். சம்பந்தியம்மாவும் இரண்டு முறை கத்தி ஆசி சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
சௌடையா

பி.கு.: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் பந்தல்குடி சோலை சேலை வாங்க வந்தார். கம்பங்காட்டில் கிளி விரட்டியே காலம் கழித்த மனுஷன். கூண்டைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஆண்கிளிக்கு ரெண்டு மூணு வயசானா கழுத்துல ஆரம் விழும்ல. பொட்டைக்குத்தான் விழாது. இதுக்குப் போயா சீயக்கா போட்டீக?" என்று சிரித்தார். எனவே மேலே எழுதியதெல்லாம் இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறம் மங்கவே மங்காதாம். தாங்கள் என் பேச்சைக் கேட்டிருந்தால் பேரப்பிள்ளை முகத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன். பொங்கல்வரை காத்திராமல் கடிதம் கண்டதும் மகளோடு பஸ் ஏறுங்கள். உங்கள் அத்தை இப்போதே பலகாரத்துக்கு அரிசி ஊறவைத்துவிட்டாள். சம்பந்தியம்மாவை இனி என்னவென்று கூப்பிடுவது என்பதை மட்டும் தாங்கள் வந்து சொல்லுங்கள். முப்பது வருசத்துல நின்னது ஒரு சாயம், அதுவும் நான் போட்டதில்ல.